காயப் போட்ட போத்தல்கள்

கீர்த்தனனைக் குடிகாரன் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் பப்புக்குப் போய்த் தள்ளாடி வந்தவன் இல்லை. கலியாண வீடுகளில் நாலு பேர் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கிளாஸை நீட்டினால், "நான் உதுகள் தொடுறேல்லை" என்று கையை உயர்த்திவிட்டு விலகிப் போவான். கவுன்சிலில் நல்ல வேலை, கோலியர்ஸ் வுட்டில் சொந்த வீடு, பின் தோட்டத்தில் ஒரு ஷெட். அந்த ஷெட்டுக்குள் அவன் பியர் காய்ச்சினான். ஊரில் காய்ச்சுகிறவனைப் பொலிஸ் தேடும். இங்கே, இந்த வெள்ளைக்கார நாட்டில், காய்ச்சுகிறவனுக்கு மாதம் ஒரு முறை கூடுகிற கிளப் இருக்கிறது. அதனால் இது பொழுதுபோக்கு.

சனிக்கிழமைகளில் மோல்ட் என்ற முளைகட்டிய பார்லி ஊறிய தண்ணீரைப் பெரிய பானையில் கொதிக்க வைப்பான். கசப்புக்கு ஹொப்ஸ் பூவைப் போட்டு, ஆறியதும் வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவிடுவான். இரண்டு கிழமை அது உள்ளே நொதித்துக்கொண்டு கிடக்கும். பிறகு போத்தலில் அடைத்துத் தகர மூடியை இறுக்க வேண்டும். இத்தனை வேலையிலும் குடிப்பது என்று ஒரு வேலை கிடையாது. ருசி பார்ப்பது மட்டும் உண்டு. வாளியில் இருக்கும்போது ஒரு ருசி, அடைக்கிற அன்று ஒரு ருசி, காஸ் பிடித்துவிட்டதா என்று பார்க்க ஒரு போத்தல், போன முறை காய்ச்சியதை விடத் திறமா என்று ஒப்பிட இன்னொன்று. "ருசி பார்க்காமல் ஆர் சமைக்கிறது?" என்று மனைவி சயந்தினியிடம் கேட்பான். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டிருப்பாள்.

குடிகாரன் வீட்டில் வெறும் போத்தல் குப்பைத் தொட்டியில் கிடந்து அவனைக் காட்டிக் கொடுக்கும். காய்ச்சுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கழுவி, குசினி யன்னலோரம் இருந்த ஸ்டாண்டில் தலைகீழாகக் காயப் போட்டால் அது அடுத்த முறைக்கான சாமான் ஆகிவிடும். அது எப்போது நிறைந்திருந்தது, யார் அதைக் காலி செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் கோடை முடிகிற நேரம் ரதீசன் வந்து சேர்ந்தான். சயந்தினியின் தம்பி. அவன் உண்மையான குடிகாரன், அதில் ஒளிவு மறைவு இல்லை. செவன் கிங்ஸில் மனைவி ஷோபா அவனை வீட்டை விட்டு அனுப்பியிருந்தாள், அது நியாயமும்கூட. மகள் கம்சிகாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு அன்றைக்கே குடித்தவன் அவன். பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்து, எழும்பி, நிறுத்தியிருந்தான். பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவனைப் போன்றவர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் வந்தான்.

ஷோபா போனில் சயந்தினியிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "உங்கடை வீட்டிலை டிசம்பரிலை நத்தார் வரைக்கும் தொடாமல் இருக்கட்டும் மச்சாள். பிறகு பிள்ளையை அவரோடை விடுறன்." ரதீசன் அதை ஒரு நாளைக்குப் பல தடவை நினைத்திருப்பான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

"இருக்கட்டும்," என்றான் கீர்த்தனன். பெரிய மனதோடுதான் சொன்னான். "ஆனால் ஷெட் பக்கம் போகக் கூடாது." ஷெட்டுக்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டான். திறப்பைக் குசினிக் கதவோரம் ஆணியில் தொங்கவிட்டான். அதை எட்டி எடுக்கக் குழந்தையாலும் முடியும்.

ரதீசன் சும்மா இருந்து சாப்பிடக் கூச்சப்பட்டான். சட்டி பானை கழுவினான், தோட்டத்துப் புல்லை வெட்டினான். குசினித் தொட்டிக்குள் கிடந்த பியர்ப் போத்தல்களையும் அவனே கழுவத் தொடங்கினான்.

"அந்த மணம் அவனுக்குக் கூடாதப்பா," என்றாள் சயந்தினி.

"வெறும் போத்தல் தானே," என்றான் கீர்த்தனன்.

ரதீசன் மூக்கால் மூச்சு விடாமல் கழுவுவான். அடியில் ஒட்டியிருந்த கறுப்புக் கசடு போகும்வரை சுடுதண்ணீரை ஓடவிடுவான். ஒரு நாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னான்.

"அத்தான், கழுவுற போத்தல் கூடிக்கொண்டு வருது."

"காய்ச்சிற வீடு. கூடத்தான் செய்யும்."

ரதீசன் தலையாட்டினான். அடைக்கலம் இருக்கிற வீட்டில் அதற்கு மேல் என்ன சொல்வது?

அந்த வருடம் கீர்த்தனன் வசந்த காலத்தில் ஒரு கறுப்புப் பியர் காய்ச்சி வைத்திருந்தான். டூட்டிங் கடையில் பனங்கட்டி வாங்கிக் கரைத்துப் போட்டது. அது மாதக்கணக்கில் கிடந்து முற்ற வேண்டும். நத்தாருக்கு முந்திய கிளப் போட்டிக்கு அதைத்தான் வைத்திருந்தான். வெள்ளைக்காரக் கிழவர்கள் பனங்கட்டியின் மணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறப் போகிறார்கள் என்று சயந்தினியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முற்றுகிற பியரை இடைக்கிடை பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? மழை பெய்த நாளில் பார்த்தான். வேலையிடத்தில் மனேஜரோடு கொழுவிய நாளில் பார்த்தான். கொழுவாத நாளிலும் பார்த்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் போட்டிக்கு நல்ல போத்தல்களைத் தெரிந்தெடுக்க ஷெட்டுக்குப் போனான். அடுக்கின் மேல் போத்தல் கிறேற்றைத் தூக்கினான். கீழ்க் கிறேற்றில் பாதிக்கு மேல் வெறுமை. அடுத்ததிலும் அப்படியே. யார் என்று யோசிக்க அவனுக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. குடிகாரன் ஒருவனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வேறு யாரைத் தேடுவது?

குசினிக்குள் வந்தான். ரதீசன் தொட்டியடியில் நின்றான். சயந்தினி சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்புப் பியரிலை பாதியைக் காணேல்லை."

ரதீசன் தண்ணீரை நிற்பாட்டினான். "நான் எடுக்கேல்லை அத்தான்."

"அப்ப ஆர் எடுத்தது? உன்ரை அக்காவோ?"

அதுவரை நீர் என்று கதைத்தவன் நீ என்று இறங்கியதை மூன்று பேரும் கவனித்தார்கள்.

"நான் அந்த ஷெட்டுக்குள்ளை கால் வைக்கேல்லை."

"முந்தியும் உப்பிடித்தானே சொன்னனீ. பெத்த பிள்ளையின்ரை தலையிலை கை வைச்செல்லோ சத்தியம் பண்ணினனீ."

ரதீசனின் முகம் சுருங்கிப் போயிற்று. "ஓம். அதாலைதான் இண்டைக்கு ஒண்டிலையும் சத்தியம் பண்ணேல்லை." ஸ்டாண்டைக் காட்டினான். "அங்கை காயிற போத்தலை ஒருக்காப் பாருங்கோ அத்தான். நான்தானே கழுவுறன்."

"என்ரை போத்தலைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை."

ரதீசன் தமக்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்பது போலத்தான் பார்த்தான். சயந்தினி சோற்று மூடியைத் திறந்து, ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் ஷோபா போன் எடுத்தாள். ஞாயிறுதோறும் எடுப்பாள். அக்கா தம்பிக்காகப் பூசி மெழுகுவாள் என்று, கீர்த்தனனைத்தான் போனில் கேட்டாள். "அண்ணை, நீங்கள் சொன்னால் நம்புவன். எப்பிடி இருக்கிறார்?"

"எனக்குப் பொய் சொல்ல ஏலாது, ஷோபா. ஷெட்டிலை போத்தல் குறையுது."

"சரி அண்ணை" என்று ஷோபா போனை வைத்துவிட்டாள். போனை மேசையில் வைக்கும்போது கீர்த்தனனுக்குத் தன்னைப் பற்றி உயர்வான எண்ணமே இருந்தது. கசந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்ட மனிதன் என்று நினைத்துக்கொண்டான். அதை நினைத்தால் கேட்கிறவருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ரதீசன் மறுநாள் காலை பையோடு போய்விட்டான். யாரும் போ என்று சொல்லவில்லை. யாரும் நில் என்றும் சொல்லவில்லை. வாசலில் சயந்தினி அவனைக் கட்டிப் பிடித்தாள், விட மனமில்லாமல் நெடுநேரம் பிடித்திருந்தாள். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே, நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

கீர்த்தனன் ஆணியில் தொங்கிய திறப்பைக் கழற்றித் தன் கார்த் திறப்போடு கோத்துக்கொண்டான். இனிக் கள்ளன் பயம் இல்லை. மிஞ்சிய கறுப்புப் பியர் போட்டிக்குப் போதும், பத்திரமாகத்தான் இருந்தது. பத்திரமாக இருக்கிறதா என்று அவன் அடிக்கடி போய்ப் பார்த்தும் வந்தான்.

போட்டிக்கு முந்திய நாள் பின்னேரம் சயந்தினியைக் கூப்பிட்டான். "ஒரு பெட்டியைக் கொண்டு வாருமப்பா. போத்தல் அடுக்க வேணும்."

அவள் கடதாசிப் பெட்டியோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். அவன் பூட்டைத் திறந்தான், விளக்கைப் போட்டான், கிறேற்றை இழுத்தான். மூன்று போத்தல் இருந்தது. அவன் மற்றக் கிறேற்றையும் இழுத்தான். பின்னாலும் பார்த்தான். சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

சயந்தினி சத்தம் போடவில்லை. "திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு," என்றாள்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஒவ்வொரு போத்தலுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. முற்றிவிட்டதா, காஸ் சரியா, பனங்கட்டி தூக்கலாக இருக்கிறதா. தனித்தனியே எல்லாம் நல்ல காரணங்கள்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நினைத்தபோது கணக்கு அவனிடமே வந்து நின்றது. கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"ரதீசன் எடுக்கேல்லை," என்றான்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். வாசலிலை கட்டிப் பிடிக்கேக்கையும் அவன்ரை வாயிலை மணம் இல்லை." பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அந்த மணம் எனக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் எனக்குப் பக்கத்திலைதானே படுக்குது."

"பிறகேன் நீர் சொல்லேல்லை?"

"அவனைப் பற்றிச் சொன்னால் உங்களைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும்." அவள் அழத் தொடங்கினாள். "என்ரை குடும்பத்தைப் பார்த்து, என்ரை தம்பியைப் பலி குடுத்திட்டன்."

அடுத்த நாள் அவன் போட்டிக்குப் போகவில்லை, ஈஸ்ட் ஹாமுக்குப் போனான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுக்க நத்தார்ச் சனம். நகைக்கடை வாசலிலும் சேலைக்கடை வாசலிலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ரதீசன் தன் அறை இருந்த பக்க வீதியில், பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். மழைத் தூறல் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மடியில் நீலப் பை. அதற்குள் என்ன என்று கேட்கத் தேவையில்லை.

"வாங்கோ அத்தான்," என்றான். நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தது.

கீர்த்தனன் பக்கத்தில் உட்கார்ந்தான். "போத்தல் எடுத்தது நீர் இல்லை. நான்தான்."

"தெரியும். நான்தானே கழுவினனான்."

"வீட்டை வாரும். அக்கா அழுதுகொண்டிருக்கிறா. ஷோபாவுக்கு நானே எடுத்துச் சொல்லுறன், பிழை என்ரை எண்டு."

"என்னெண்டு சொல்லுவியள்?" ரதீசன் அவனை நேராகப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் கீர்த்தனனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். "அவர் குடிக்கேல்லை எண்டோ? இஞ்சை வந்த கிழமையே தொடங்கிட்டன் அத்தான். குடிக்காமல் இருந்தும் குடிகாரன் எண்டால், பேந்து எதுக்கு? போன ஞாயிறு கம்சிகாவோடை போனிலை கதைச்சனான். அப்பா, நீங்கள் வேறை மாதிரிக் கதைக்கிறியள் எண்டு சொன்னாள். பிறகு தாய் போனை வாங்கி வைச்சிட்டா."

அவன் பைக்குள்ளிருந்து ஒரு பியர்க் கானை எடுத்து, உடைத்து, ஒரு வாய் குடித்தான். பிறகு, வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிறது போல அதை நீட்டினான். "கடைப் பியர். உங்கடை மாதிரி வராது."

வேண்டாம் என்று சொல்லத்தான் கீர்த்தனன் நினைத்தான். ஆனால் கை வாங்கிக்கொண்டது. ஒரு வாய் எடுத்து, பழக்கத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தான். தண்ணித் தன்மை, ஹொப்ஸ் காணாது. அது சரிதானா என்று பார்க்க இன்னொரு வாய். ஷோபாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஒரு வாய், எப்படித் தொடங்குவது என்று யோசிக்க இன்னொரு வாய். எதிரே பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

ரதீசன் கையை நீட்டினான். கீர்த்தனன் கானைத் திருப்பிக் கொடுத்தான். ரதீசன் அதை வாயில் வைத்துக் கவிழ்த்தான். பிறகு எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். அதில் ஒரு சொட்டும் இல்லை.