நலங்கில் கலந்த எண்ணெய்

துரையம்மா கொடுத்த சின்னக் குப்பியைப் பெரியநாயகி நலங்கு மஞ்சளில் கவிழ்த்தபோது, எலுமிச்சைத் தோலும் ஏதோ பூவும் சேர்ந்தாற்போல அடுப்படி முழுக்க மணத்தது. கம்யூனிஸ்டுகள் சாலையில் தோட்டத்துத் துரைமார்களைச் சுடத் தொடங்கியபின் துரையம்மா சீமைக்கே கிளம்பிவிட்டாள். பங்களாவில் துணி துவைத்த பெரியநாயகியின் மகள் மீனம்மாவுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, போகிற போக்கில் கையில் வைத்த பரிசு அது. ஏதோ ஒரு கிச்சிலிப் பழத்தோலில் பிழிந்ததாம். தேங்காயெண்ணெயில் நாலு சொட்டுப் போதும், பூசிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது, தோல் வெந்துவிடும் என்று தன் ஓட்டைத் தமிழில் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் கொடுத்தாள்.

பெரியநாயகிக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் நாலு சொட்டு என்பது அவள் கைக்கு வராத கணக்கு. குழம்புக்கு உப்புப் போட்டாலும் தாராளம்தான். வெயிலைப் பற்றி அவள் கவலையே படவில்லை. நலங்கு வைத்த பெண் தாலி ஏறும்வரை வாசற்படி தாண்டமாட்டாள். லயத்து வீட்டுக்குள் இருக்கிறவளை வெயில் எங்கே தேடிவரும்? பால்மரக் காட்டில் கறுத்துப்போன பிள்ளை, பெம்பான் ஊர் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு நாளாவது மணக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். பெற்றவள் ஆசைக்கு அளவு ஏது?

கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் பூசி முடித்த நேரம் லாரிகள் வந்தன. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கிருந்து யாரோ அரிசி கடத்துகிறார்களாம். ஆர்மிக்காரர்கள் லயத்தை வளைத்து, காய்ச்சலில் கிடந்தவர்களைக்கூட விடாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மஞ்சள் ஈரம் காயாமல் மீனம்மாவும் நின்றாள். ஜீப்பில் ஆள் காட்டிக்கொடுக்க வந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் லாரியில் ஏறவேண்டியதுதான்.

வெயில் ஏறியது. பெரியநாயகி முந்தானையை இழுத்து மகள் தலையில் போட்டாள். மலாய்க்காரப் போலீஸ் ஒருவன் வந்து அதை எடுக்கச் சொன்னான். சாக்குக்காரனுக்கு எல்லா முகமும் தெரியவேண்டுமாம்.

“கல்யாணப் பொண்ணு, இன்சே. வெயிலு தாபோலே,” என்றாள். ஐயா என்று கூப்பிடவும் கூடாது என்று சொல்லவும் அவளிடம் இருந்த மலாய் அவ்வளவுதான்.

அவன் வரிசை முழுவதையும் கைகாட்டினான். எல்லாருக்கும்தானே வெயில் என்கிற மாதிரி. கெட்டவன் இல்லை. அவன் சட்டையும் முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

“எரியுதும்மா,” என்றாள் மீனம்மா.

“தொடச்சிருடி.”

“தொடச்சாலும் எரியுது.”

தண்ணீர்க் குழாய் கூப்பிடு தூரத்தில் இருந்தது. வரிசையை விட்டு ஓரடி வைத்தால் துப்பாக்கி திரும்பும். துரையம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. தெரிந்துகொண்டே நிற்பதைவிட ஒன்றும் தெரியாமல் நின்றிருக்கலாம் என்று அவளுக்கு அழுகை முட்டியது. சாக்குக்காரன் யாருக்கும் தலையாட்டாமலே ஜீப் உச்சிவேளையில் கிளம்பிப் போனது.

மறுநாள் தோல் சிவந்து தடித்தது. கல்யாணத்தன்று காலையில் கன்னத்திலும் கழுத்திலும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு முத்தாயி எட்டிப் பார்த்துக் கும்பிட்டு, “ஆத்தா வந்துட்டா,” என்றாள். அவ்வளவுதான், வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூப்பிடலாம் என்றாள் பெரியநாயகி. அம்மை கண்ட வீட்டில் மருந்தா என்று நாலு பேர் வாயை அடைத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டு லாரி கம்பிவேலிக் கேட்டிலேயே நின்றுவிட்டது. செய்தி அதற்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. பெரியநாயகி ஓடினாள்.

“அம்மை இல்ல சம்பந்தி. நான் பூசுன எண்ணெ. வெயில்ல வெந்துபோச்சு.”

மாப்பிள்ளையின் தாய் ராஜம்மா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஆத்தா கேட்டுக்கிட்டு இருப்பா. தண்ணி ஊத்தி எறங்கட்டும்லா, பெறகு பாப்போம்.”

மாப்பிள்ளை தனபாலன் பட்டுத் தலைப்பாகையோடு லாரியின் பின்பக்கம் நின்று லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை. பெரியநாயகி யாரை நோவாள்? லாரி திரும்பி ஜாசின் ரோட்டில் ஏறும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் பெண்கள் மீனம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அம்மன் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“லாரி சத்தம் கேட்டுச்சே. வந்துட்டாங்களாம்மா?” என்று கேட்டாள் மீனம்மா.

முத்தாயி பாட்டை நிறுத்தாமல் ஒரு வேப்பங்கொத்தை நீட்டினாள். பெரியநாயகி அதை வாங்கி, மகள் முகத்துக்கு நேரே மெள்ள விசிற ஆரம்பித்தாள்.