இறங்கினால் ஓடும் வண்டி

என் வீட்டுக்காரர் பாண்டியராஜனுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னால் மீசை உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், எங்கள் விளாங்குடி வீட்டு வாசலில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, அதைவிடப் பழைய பைக்கை நிறுத்தி, கார்புரேட்டரைக் கழற்றி என்னுடைய எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்ரோலில் கழுவுவார். ஜெட் என்கிற அதன் பொடிக் குழாயை வாயில் வைத்து ஊதுவார். தெருவில் போகிற ஆம்பளைகள் எல்லாம் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பிளக்க மாத்துங்கண்ணே." "காத்து ஸ்குரூவ லேசாத் திருப்பு மாப்ள." எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நாலு தெரு சுற்றி வருவார். வண்டி கும்மென்று ஓடும். "பாத்தியா, கையி பேசுதுல்ல?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

மறுநாள் காலையில் நான் பின்னால் ஏறி மேலூருக்குக் கிளம்பினால், ஒத்தக்கடை தாண்டியதும் அந்தச் சனியன் நின்றுவிடும்.

மேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீசியன். லேப் சாவி என்னிடம்தான் இருக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் வந்து படியில் உட்கார்ந்துவிடுவார்கள். பசியோடு காத்திருக்கிற சர்க்கரை நோயாளிகளின் வாயில் விழுந்து பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். ஒருநாள் ஒரு பெரியவர் மயங்கிச் சாய்ந்தேவிட்டார். லேப்பை நடத்துகிற தமிழ்வாணி மேடம் தங்கமான மனுஷி. அவரே அன்றைக்குச் சொல்லிவிட்டார்: "இன்னொருவாட்டி லேட்டாச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு முனீஸ்வரி. எனக்கு வேற வழி இல்ல."

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைத்ததில்லை. படித்த படிப்பு துருப்பிடிக்கக் கூடாது என்று மாமியாரோடு மல்லுக்கட்டி வாங்கியது. அது போனால் மறுபடி அடுப்படியில் நின்று இந்த அம்மா, மகன் ரெண்டு பேருடைய மூஞ்சியையும் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் போகிறேன் என்றாலும் விட மாட்டார். "வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு பொண்டாட்டிய பஸ்ல அனுப்புறான்னு ஊரு சிரிக்கவா?" நடுரோட்டில் வேர்க்க விறுவிறுக்க வண்டியை உதைத்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் ஊர் கண்ணைப் பொத்திக்கொள்ளும் போல.

நிற்கிறபோதெல்லாம் நடப்பது ஒன்றுதான். "இறங்கு" என்பார். இறங்கி ஓரமாக நிற்பேன். டாங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மூடுவார். உதைப்பார். வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். வெள்ளரிப்பட்டி வந்ததும் மறுபடி நிற்கும். மறுபடி "இறங்கு."

அவர் தனியாகப் போகும்போது நிற்பதே இல்லை. ஏன் நிற்கப் போகிறது? மேலூரில் என்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஊருக்கு ஊர் டீக்கு நிறுத்தி, டாங்கைத் திறந்து பெட்ரோல் பார்த்துவிட்டுத்தான் வருவாராம். மற்றபடி அவர் தனியாகப் போகிற தூரமெல்லாம் அவருடைய செல்போன் கடைக்கும், அதற்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கும்தான். இது அந்த மண்டையில் ஏறவில்லை. ஏறியது வேறு. ஒருநாள் சாப்பிடும்போது, பெரிய விஞ்ஞானி கணக்காக என் மாமியார் சீனியம்மாளிடம் சொன்னார்: "யம்மா, நான் ஒத்தையில போனா வண்டி நிக்க மாட்டேங்குது. இவ ஏறுனாத்தான் நிக்குது. இறங்குனா ஓடுது."

மாமியாருக்கு இது போதாதா? "நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா? காலங்காத்தால வாசல் தெளிக்காம சாவியத் தூக்கிட்டு ஓடுறவ ராசி அப்பிடித்தான்டா இருக்கும். வண்டிக்கே பொறுக்கல. பேசாம வேலைய விடச் சொல்லு."

தட்டை நகர்த்தி வைத்தேன். அழுகை இல்லை, ஆத்திரம். ராசி கெட்டவளின் சம்பளத்தில் வந்த ஃபிரிட்ஜில்தான் இந்த அம்மா மோரைக் குளிர வைத்துக் குடிக்கிறார். அது மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூடல்நகர் மெக்கானிக் சோணையிடம் வண்டி போனது. "கார்புரேட்டர் செத்துப்போச்சுண்ணே, புதுசு போட்ருவோம்" என்றான். போட்டான். அவனும் நாலு தெருதான் ஓட்டிப் பார்த்தான். திங்கட்கிழமை அதே ஒத்தக்கடை, அதே "இறங்கு." திரும்பப் போய்க் கேட்டால், "வண்டில ஒண்ணுமில்லண்ணே. வேற எதுவும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். கார்புரேட்டர் பார்க்கத் தெரியாதவனுக்கு ராசி பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் பரிகாரம் தொடங்கியது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் என் ராசிக்காக அது வெள்ளிக்கிழமைதோறும் என்று ஆனது. ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, டாங்க் மூடிக்கு ஒரு பொட்டு. பழைய பொட்டைத் துடைத்தால் ஆகாதாம். அதன் மேலேயே அடுத்தது. மூடியின் மேல் சந்தனம் அடை தட்டியது போலக் காய்ந்து தடித்துக் கிடந்தது. ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் வேறு தொங்கியது. அதன் பிறகு வண்டி முன்னைவிட அதிகமாக நின்றது. அதற்கும் நான்தான் காரணம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒத்தக்கடையைத் தாண்டியதும் நின்றது. என் போன் அடித்தது. தமிழ்வாணி மேடம். "எங்கம்மா இருக்க? நான் இன்னைக்கு வெள்ளன வாரேன், வரும்போது லேப் தொறந்திருக்கணும்." "பக்கத்துல வந்துட்டேன் மேடம்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"இறங்கு" என்றார் இவர்.

"இறங்க மாட்டேன்."

"என்னது?"

"இப்பிடியே உக்காந்திருக்கேன். நீங்க எப்பவும் செய்யுறதச் செஞ்சுட்டு உதைங்க. ஓடலைன்னா இன்னைக்கே சாவியக் குடுத்துட்டு வீட்டுல முடங்கிக்கிறேன். ஓடுச்சுன்னா இனிமே ராசி கீசின்னு எவரும் வாயத் தொறக்கக் கூடாது."

முறைத்தார். வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் டாங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. இத்தனை நாளும் ஓரமாக ஒதுங்கி நின்றதில், லாரி இரைச்சலில் எனக்குக் கேட்காமல் போன சத்தம். மூடியை மூடி உதைத்தார். வண்டி கிளம்பியது. நான் என் ராசியோடு சேர்த்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள், "மூடியக் கழட்டிக் குடுங்க" என்றேன். அந்த 'உஸ்' எதற்கு என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால், கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். காற்று உள்ளே போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக வரும். அடுப்படியில் கால் வைத்த யாருக்கும் இது தெரியும். இவர் கால் வைத்தால்தானே.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மேலே அது வெளியே வர வேண்டிய இடத்தில் என் மாமியாரின் பக்தி இறுகிப்போய்க் கிடந்தது. ஆயுத பூஜைப் பொட்டே பாதி அடைத்திருக்கும், மிச்சத்தை வெள்ளிக்கிழமைகள் முடித்துவிட்டன. டாங்குக்குள் காற்று போக வழியில்லை. பெட்ரோல் எப்படி இறங்கும்? தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினேன். இந்தக் கல்யாணத்தில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே சாமான் அந்த ஊக்குதான்.

"ஏய், சாமிப் பொட்ட அழிக்கிற!" என்று பதறினார்.

"பொட்ட நெத்தில வைக்கணும். மூக்குல அப்புனா சாமிக்கே மூச்சு முட்டும்" என்று சொல்லி ஓட்டையைக் குத்திவிட்டேன்.

வெள்ளரிப்பட்டியில் நிற்கவில்லை. டோல்கேட்டில் நிற்கவில்லை. மேலூரில் நான் இறங்கத்தான் நின்றது. நான் லேப்பைத் திறந்து முதல் ஆளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் எண்ணெய் டின்னையே எடுத்து வைத்து ரெண்டு பேருக்கும் விளக்கினேன். "புதுக் கார்புரேட்டர்ல, இப்பத்தான் செட் ஆயிருக்கு" என்றார் அவர். "எலுமிச்சம்பழம் வேல செய்யுதுடா. வார வெள்ளிக்கெழம இன்னும் நல்லா வைக்கணும்" என்றார் மாமியார். டின்னைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து யாரையும் கேட்காமல் மாட்டுத்தாவணிக்குப் போய் மேலூர் பஸ் ஏறினேன். ஊர் சிரித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூடி முழுக்கச் சந்தனம் அப்பப்பட்டது. கண்ணால் பார்த்தேன். ஊக்கைச் செயினிலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கருமாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நான் சேலையை எடுத்தபோதே மாமியார் கையைக் காட்டித் தடுத்தார். "நீ வரவேணாம் தாயி. நீ ஏறுனா வண்டி போய்ச் சேராது. நானும் எம்மகனும் போயிட்டு வாரோம்." இவர் அதைக் கேட்டுக்கொண்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். சேலையை மடித்து வைத்துவிட்டு நான் மேலூருக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை லேப் மதியம் வரைக்கும் உண்டு; அன்றைக்கு மேடமே திறந்துவிடுவார், நான் போனால் கூடுதல் கை.

உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில் அவரிடமிருந்து போன். குரலில் காலரைத் தூக்கிவிடுகிற ஆளைக் காணோம்.

"முனீசு, செக்கானூரணி தாண்டி வண்டி நின்னுருச்சு. பெட்ரோல் நெறையப் போட்டிருக்கேன், அதனால மூடியத் தொறந்துகூடப் பாக்கல. கார்புரேட்டர் புதுசு. உதைச்சு உதைச்சுக் காலு வீங்கிப்போச்சு. அன்னைக்கு ஊக்க வச்சு என்னமோ நோண்டுனியே, அது என்னது?"

"பின்னால யாரு உக்காந்திருக்கா?"

"அம்மாதான். வேற யாரு?"

"வெயில்ல எம்புட்டு நேரம்டா உக்காந்திருக்குறது, என்ன சொல்றா அவ?" என்று மாமியாரின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். போட்டார்.

"அத்த, ஒண்ணும் பயப்படாதீக. நீங்க மட்டும் இறங்கிக்கங்க. வண்டி தானா ஓடும்."