வில்லியம் வாத்தியார் பெண் பார்த்த விதம்

சாந்தோமில் வில்லியம் வாத்தியார், மகனுக்காகப் பார்க்கப்போன எந்தப் பெண்ணையும் வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னதே கிடையாது. அது மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். பலகாரத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெண்ணுக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் பரீட்சை வைப்பார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, அதை அவள் செயப்பாட்டு வினைக்கு, அதாவது பாசிவ் வாய்ஸுக்கு, மாற்ற வேண்டும். திக்கினால் போச்சு. "பெண் தங்கமானவள், இலக்கணந்தான் கொஞ்சம் போதாது" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொள்வார். பென்ஷன் வாங்கியும் மனுஷன் பிரம்பைக் கீழே போடவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு குப்பத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார் என்றால், அது பங்குச் சாமியாருக்காக. கட்டுமரக்காரர் லாசரின் மகள் ஐரின், கன்னியர் மடத்துப் பள்ளியில் தர்மத்துக்குப் படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். அவளுக்கும் வாத்தியாரின் மகன் பிரகாசத்துக்கும் கோயில் பாட்டுக் குழுவில் பழக்கம். பிரகாசத்துக்கு அப்பாவிடம் பேசத் தைரியம் இல்லை. சாமியார் காலில் போய் விழுந்தான். சாமியார் சொன்னதை வாத்தியாரால் தட்ட முடியவில்லை.

"அப்பா கேக்குறதுக்கெல்லாம் சரியாச் சொல்லிடு ஐரின். அப்புறம் அவரால மறுக்க முடியாது. மிச்சத்த நான் பேசிக்கிறேன்" என்று பிரகாசம் சொல்லியிருந்தான். அதை நம்பி அவள் தவக்காலம் முழுக்க இலக்கணம் படித்தாள்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அப்பாவும் மகனும் வந்தார்கள். லாசர் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அவர் மனைவி அந்தோணியம்மாள் மீன் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, தலைமுழுகிக் கதவோரம் நின்றாள். இருவருக்கும் இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது.

வாத்தியார் நாற்காலியின் முதுகில் இருந்த பள்ளிக்கூட முத்திரையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அப்பா நாற்காலிகளை இரவல் வாங்கினார்," என்றார் இங்கிலீஷில்.

ஐரினுக்கு முகம் சுட்டது. "நாற்காலிகள் அப்பாவால் இரவல் வாங்கப்பட்டன," என்றாள் அதே இங்கிலீஷில்.

லாசர் பூரித்துப் போனார். மகள் ஒரு பெரிய மனுஷரோடு சரிக்குச் சரி இங்கிலீஷ் பேசுகிறாள்.

"அம்மா தெருத்தெருவாக மீன் விற்கிறாள்."

"மீன் அம்மாவால் தெருத்தெருவாக விற்கப்படுகிறது."

"இன்னா சொல்றாரு?" என்று அந்தோணியம்மாள் கிசுகிசுத்தாள்.

"கேள்வி கேட்டுக்கினு கீறாரு. நம்ம பொண்ணு பட்டு பட்டுனு சொல்லிக்கினு கீது, பாரு," என்றார் லாசர்.

"மீன் நாற்றம் இந்த வீட்டை நிரப்புகிறது."

ஐரின் பிரகாசத்தைப் பார்த்தாள். துறைமுக ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் எழுதுகிறவன்; ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். அவன் தட்டில் இருந்த கேக்கை விண்டுகொண்டிருந்தான். உள்ளே போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. போனால் தோற்றதாகிவிடும்.

"இந்த வீடு மீன் நாற்றத்தால் நிரப்பப்படுகிறது," என்றாள். இலக்கணம் பிசகவில்லை.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பே செய்யாத பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "என் மகன் இந்தப் பெண்ணை நிராகரிக்கிறான்."

ஐரின் பிரகாசம் பேசட்டும் என்று இடம் விட்டாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். எந்தப் பாஷையில் சொன்னாலும் சரி. பிரகாசம் தட்டைக் கீழே வைத்தான். கைக்குட்டையால் விரலைத் துடைத்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு தட்டை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், கோழை.

"சொல்லும்மா. அதுக்குத் தெரியும் சார், வெக்கப்படுது," என்றார் லாசர்.

"இந்தப் பெண் உங்கள் மகனால் நிராகரிக்கப்படுகிறாள்," என்றாள் ஐரின், பிரகாசத்தைப் பார்த்தபடியே.

"முழு மார்க்," என்று தமிழில் சொல்லி வாத்தியார் எழுந்தார்.

லாசருக்கு அது போதுமாக இருந்தது. வாத்தியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெயிலில் தெருமுனை வரைக்கும் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வாசல் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்: "முடிஞ்சிபோச்சி. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிக்கிறாங்க."

அந்தோணியம்மாள் மகளின் கன்னத்தைத் தடவி விரலை முத்தமிட்டாள். லாசர் உள்ளே வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"கடைசியா ஒண்ணு யோசிச்சி யோசிச்சிச் சொன்னியே கண்ணு, அது இன்னா? நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்."

"பிரகாசத்துக்கு என்னிய வேணாமாம், நைனா. அதத்தான் என் வாயால சொல்ல வச்சாரு."

லாசரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாசலில் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.