மஞ்சள் தண்ணீர் பட்ட காடி

லிங்கேஸ்வரன் நீட்டிய படத்தில் தனேஸ்வரியின் காடி, அந்தப் புதுக் கார், பானெட் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கறுப்பு வயர்களுக்கு நடுவே, கியர் பெட்டியின் தலையில், தேமல் மாதிரி ஒரு மஞ்சள் கறை. யாரோ மெனக்கெட்டு அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

"தண்ணி உள்ள போயிருச்சுக்கா. மஞ்சத் தண்ணி. ஓனர் சைடு மிஸ்டேக்னு ரிப்போர்ட் வந்திருக்கு. வாரண்டி கிடைக்காது," என்றான்.

ராவாங் சர்வீஸ் சென்டரில் டை கட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களைச் சமாளிக்கும் வேலை அவனுக்கு. நம்ம தமிழ்ப் பிள்ளைதான். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தம் ஒரு பக்கம் இருக்க, கை மட்டும் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தியது. கோளாறு எங்களால்தான் வந்தது, செலவும் எங்களுடையதே என்று ஒப்புக்கொண்டு தனேஸ்வரி அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

காடி வாங்கி நாலே மாதம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, ஈஜோக் ஊரைத் தாண்டியதும், கல்லை மென்றது போல ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் பாட்டுக்கு உறுமுகிறது, சக்கரம் மட்டும் நகரமாட்டேன் என்கிறது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்காரர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

தனேஸ்வரி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் சேது படத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மூன்று வாரத்துக்கு முன்னால் அசாம் ஜாவா தோட்டத்துக் கோயிலில் ஆயுத பூஜை. இருபத்திரண்டு வருஷமாக லோரி ஓட்டுகிறவன் சேது. முதலாளியின் லோரிக்குப் பூசாரி வேப்பிலையால் நாலு சொட்டுத் தெளிப்பார், எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் இது சொந்தக் காடி. இந்த வம்சத்திலேயே முதல் காடி. நாலு சொட்டு எந்த மூலைக்கு? பானெட்டைத் திறந்தான், குடத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை, சாமிக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி, இரண்டு கையாலும் எஞ்சின்மேல் கவிழ்த்தான். "போதும்லா சேது, காடிக்குச் சளி பிடிச்சிக்கப் போவுது," என்று பூசாரி கிண்டலடிக்க, கூட்டமே சிரித்தது. தனேஸ்வரியும்தான் சிரித்தாள்.

காடி நின்ற நாளிலிருந்து மனுஷன் வாயைத் திறக்கவில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். ஒரே ஒரு தரம், கை கழுவிக்கொண்டே, "நான்தான் கொன்னுட்டேன்," என்றான். காடி நின்றதைவிட அந்தச் சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. இப்போது கையெழுத்துப் போட்டால் காடிக்கு எப்படியாவது ஒரு வழி பிறக்கும். ஆனால் அந்தச் சொல் கறுப்பு மையில் உறுதியாகிவிடும். சாகிறவரைக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிவான். அவன் அப்படித்தான்.

பேனாவை அவள் தொடவில்லை.

"தண்ணி உள்ள போச்சுங்கிற. எந்த வழியா போச்சு தம்பி?"

"மேல ஊத்துனதுலதான்கா."

"கியர் பெட்டி மூடித்தானே இருக்கு? ஓட்டை இருந்தாத்தானே உள்ள போவும்?"

தண்ணீரைப் பற்றி அவளிடம் கதை விடக்கூடாது. பதினாறு வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பரிசோதனை வேலை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிஷம் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் சொட்டும், இல்லையென்றால் சொட்டாது. அவள் 'ஓட்டை' என்று சொன்னால் அந்தப் பெட்டிக் கையுறை முழுக்கத் திரும்பிப் போகும். மேனேஜரே வந்து நின்றாலும் மாற்ற முடியாது.

"நாலு மாசக் காடியில ஓட்டை இருந்தா அது எங்க வீட்டுக்காரரு போட்ட ஓட்டையா, உங்க ஃபேக்டரி போட்ட ஓட்டையா? ஓட்டை இல்லன்னா தண்ணி போவல. ரெண்டுல ஒன்னு சொல்லு. மழையே பெய்யாத ஊருக்கா காடி செய்றீங்க?"

லிங்கேஸ்வரன் டையைத் தளர்த்திக்கொண்டான். "நான் சொல்லலக்கா. ரிப்போர்ட்லா."

"பெட்டியத் தொறந்து பாத்துத்தான் ரிப்போர்ட் எழுதுனாங்களா?"

அவன் படத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அடப்பாவிகளா! வெளியே இருந்த கறையைப் பார்த்தே கதையை முடித்திருக்கிறார்கள்.

"உன் காடிக்கு பூஜை போட்டியா தம்பி?"

"போட்டேன்கா."

"ஓடுதா?"

"…ஓடுதுக்கா."

"விடு தனேசு," என்றான் சேது. ஐந்து நாளில் அவன் பேசிய இரண்டாவது பேச்சு அது. "போட்டுரு. ஊத்துனது நான்தானே."

"ஊத்துனீங்க. இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக உடைச்சதும் நீங்களா? சும்மா இருங்க." லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "எங்க கண்ணு முன்னால தொறங்க தம்பி. உள்ள ஒரு சொட்டு இருந்தாலும் கையெழுத்து போடுறேன்."

லிங்கேஸ்வரன் சரியென்று எழுந்தான். சொல்லிவிட்டாளே ஒழிய, பட்டறைக்குள் நடக்கும்போது ஒரு நொடி சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஒருவேளை இருந்துவிட்டால்? இருக்காது என்று தனக்கே அதட்டல் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மெக்கானிக் ரோஸ்லான், நரைத்த தாடிக்காரர், தூக்கி நிறுத்திய காடிக்கு அடியில் தட்டை வைத்து, திருகாணியைக் கழற்றினார். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய், பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி வெளுத்து வரும். லோரிக்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா? சேது கண்ணை மூடிக்கொண்டான்.

எண்ணெய் வந்தது, கருகருவென்று. ரோஸ்லான் குனிந்து பார்த்து, மலாயில் "ஆயர் தாடா," என்றார். தண்ணீர் இல்லையாம். பெட்டியின் அடித்தட்டையும் கழற்றிக் காட்டினார். துகள் பிடிக்க அதற்குள் வைத்திருந்த காந்தத்தில் இரும்புத் துகள் முள்முள்ளாக அப்பியிருந்தது.

சேது மெல்லக் கண்ணைத் திறந்தான். யாரையும் கேட்காமல் குந்தி உட்கார்ந்து, எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்தான், முகர்ந்தான், மறுபடியும் தேய்த்தான்.

"தண்ணி இல்ல," என்றான். "பேரிங் போயிருக்கு தனேசு. மொதல்லயே, ஃபேக்டரியிலயே சரியா ஒக்காரல."

கண் கலங்கியதை மறைக்க அவன் காடியின் வயிற்றை அண்ணாந்து பார்த்தான். அவளும் அவன் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனிமேல் தலைமையகத்துக்கு எழுத வேண்டும், முடிவு அவர்கள் கையில், எத்தனை வாரமாகும் என்று தெரியாது என்றான் லிங்கேஸ்வரன். தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "எழுதுங்க. காந்தத்தையும் படம் புடிச்சு அனுப்புங்க. அதுக்கும் ஒரு சிவப்பு வட்டம் போடுங்க," என்றாள் தனேஸ்வரி.

கை துடைக்க ரோஸ்லான் நீட்டிய துணியைச் சேது வாங்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை கியர் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். எந்தப் பல் எதில் சேரும், எது தேய்ந்தால் எது நொறுங்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் பாதிதான் கேட்டாள். பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான். சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்த வலது கையில், வெயில் பட்டு, இரும்புத் துகள்கள் மினுமினுத்தன.