சாம்பல் தட்டில் சாவி

நோலீன் பக்ளியின் யூட்டுக்கு, அதாவது முன்னால் ஒரே இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள சின்ன லாரிக்கு, இருந்த காப்பீடு சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வேறொன்று எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் மகன் டாரன் பிரிஸ்பேனிலிருந்து பேருந்து பிடித்து வந்தான் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, அம்மாவை மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்னறையில் குடிவைப்பது. அறுபத்தேழு வயதில், பத்தொன்பது பேர் வாழும் வில்லராவில், ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இவள் என்னத்தைச் சாதிக்கிறாள் என்று அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வில்லராவில் ஓடுகிற வண்டிகள் மூன்று. நம்பி ஏறக்கூடியது நோலீனுடைய யூட் ஒன்றுதான். அதன் சாவி எப்போதும் ஸ்டீரிங்குக்குப் பக்கத்துச் சிகரெட் சாம்பல் தட்டில் கிடக்கும். வேண்டியவர்கள் வருவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள், டீசல் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சில நாள் இருக்கையில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருக்கும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. ஊரின் வழக்கமே அதுதான்.

போன வருடம் காப்பீட்டை டாரன்தான் தன் போனிலேயே தட்டி முடித்தான். இருப்பதில் மலிவாகப் பார்த்து எடுத்துவிட்டு, அம்மாவுக்கு இவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று பெருமையும் பட்டுக்கொண்டான். மார்ச்சில் பக்கத்து வீட்டுக் கீத் மருந்து வாங்கப் போனபோது காங்காரு குறுக்கே பாய்ந்து வண்டியின் முகம் நசுங்கியது. கம்பெனிக்காரன் ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதினான்: உங்கள் காப்பீடு நீங்கள் இடிக்கும் அடுத்தவர் சொத்துக்கு மட்டும். அதாவது காங்காருவுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்து, அவன் வந்து நஷ்டஈடு கேட்டால், தாராளமாகத் தருவார்கள். நோலீனுக்குக் கிடைத்தது கடிதம் மட்டும்தான்.

அதனால் இந்த முறை அவள் தானே இறங்கிவிட்டாள். நான்கு கம்பெனிகளின் கொட்டேஷன்களையும் வரவழைத்து, பூதக்கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாகப் பதினோரு நாள் படித்தாள். டாரன் அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியை விரித்தான்.

"இதோ பாரும்மா, இதான் இருக்கறதுலயே சல்லிசு."

"எதெதுக்குத் தர மாட்டான்னு படிச்சியா?"

"அறுபது பக்கம்மா. எவன் உக்காந்து படிப்பான்?"

"நான் படிச்சேன். இப்பக் கேளு. ரெஜிஸ்ட்ரேஷனோட கட்டாயமா கட்டறோமே, அது ஆளுக்கு அடிபட்டாத்தான். எந்த வண்டிக்கும் ஒரு சென்ட் தராது. தேர்டு பார்ட்டி, நாம இடிச்சவன் வண்டிக்கு. அதுக்கு மேல ஒண்ணு, தீயும் திருட்டும் சேத்துத் தரும். காங்காரு தீயும் இல்ல, திருட்டும் இல்ல. ஃபுல் கவர் எடுத்தாத்தான் அதுக்குத் தருவான்."

"இருபத்தாறு வருஷ வண்டிக்கு எந்தப் பைத்தியம் ஃபுல் கவர் எடுக்கும்? வண்டியே அவ்ளோ பெறாது."

"இந்த வண்டி போச்சுன்னா இன்னொண்ணு வாங்க எனக்கு வக்கில்ல. வண்டி இல்லன்னா இந்த ஊர்ல இருக்க முடியாது. அதானே உனக்கு வேணும்?"

டாரனின் காது சிவந்தது. எட்டு வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோதும் அந்தக் காதுதான் சிவந்தது. நோலீன் அதைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

"சரிம்மா, ஃபுல் கவரே எடு. ஆனா இதுல எடு. 'வேறு யாரும் ஓட்ட மாட்டார்கள்'னு ஒரு டிக் போட்டாப் போதும், பாதியாக் குறையுது."

"கீத் ஓட்டறான். தபால் கொண்டு வர்ற டெஸ் ஓட்டறா. ஆட்டு ரோமம் வெட்டற சீசன்ல வர்ற சமையக்காரன் ஓட்டறான்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடா!"

"இன்னொண்ணும் இருக்கு. சாவிய வண்டியிலயே வச்சுத் திருடு போனாக் காசு கிடையாதுன்னு நாலு கம்பெனியும் போட்டிருக்கான். அதான் காலையில நான் பூட்டிட்டேன்." அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகம்.

நோலீனுக்கு உச்சி மண்டை வரை எரிந்தது. அந்த யூட்டை வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் பூட்டியதில்லை. அவள் வாய் திறப்பதற்குள் கொசுவலைக் கதவு தட்டப்பட்டது. வில்லராவில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், நேரே உள்ளே வந்து நிற்பார்கள். வெளியே கீத் ஹல்லோரன், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"நோலீன், யூட் பூட்டியிருக்கு."

"என்ன ஆச்சு கீத்?"

"பெர்லுக்கு மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ் வேற எங்கயோ விபத்துக்குப் போயிருக்காம். அங்க முடிச்சிட்டு எதிர்ல வர்றோம், நீங்க பாதி வழி வந்துடுங்கங்கிறான். நான் வண்டிகிட்டயே ஒரு பத்து நிமிஷமா நின்னேன். எப்படிக் கேக்கறதுன்னு..." அவன் தொப்பியைத் திருகினான். "மார்ச்சுல நான் இடிச்சதுக்குத்தானே பூட்டின? தப்பு என்மேலதான். இன்னிக்கு ஒரு தடவ மட்டும் குடுத்துடு."

பத்து நிமிஷம். மனைவி மூச்சுக்குத் தவிக்க, ஒரு பூட்டுக்கு மரியாதை கொடுத்துப் பத்து நிமிஷம் வெயிலில் நின்றிருக்கிறான். நோலீனுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"டாரன், எந்திரி. கீத் அவளப் புடிச்சுக்கட்டும். நீ ஓட்டு."

"நானா? பாலிசில உன் பேரு மட்டும்தானேம்மா..."

"ஆமா. போன வருஷம் நீ போட்ட டிக்குதான். போ!"

பெர்லை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆண்கள் நெருக்கிக்கொண்டு, யூட் புழுதியைக் கிளப்பிப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை நோலீன் வேலியோரம் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். இன்று சனிக்கிழமை, கம்பெனியில் ஐந்து மணிவரைதான் போனை எடுப்பார்கள். சும்மா உட்கார்ந்து கையைப் பிசைவது அவளுக்கு வராது. சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்த கொட்டேஷனை எடுத்து, அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் சின்னப் பெண் குரல்.

"வண்டி சேதமானா அன்னிக்கு சந்தை விலை தரணுமா மேடம், இல்ல இப்பவே பேசி முடிவு பண்ற விலையா?"

"இப்பவே பேசுவோம். அன்னிக்கு நீங்க சொல்ற விலைக்கு இங்க ஒரு சைக்கிள் கூட வராது."

பேசினார்கள். நோலீன் இரண்டு தடவை விலையை ஏற்றினாள்.

"உங்களத் தவிர வேற யார் யார் ஓட்டுவாங்க?"

"எழுதிக்கோ கண்ணு. மொத பேரு டாரன் பக்ளி. இப்ப அவன்தான் ஓட்டிட்டுப் போயிருக்கான். கீத் ஹல்லோரன். பெர்ல் ஹல்லோரன், உடம்பு தேறி வந்தா. டெஸ் மக்ரோரி..."

"மேடம், மேடம், ஆறு பேருக்குத்தான் இடம் இருக்கு."

"சரி, ஆறு எழுது. பட்டியல்ல இல்லாதவன் ஓட்டி இடிச்சா என்னன்னு உங்க நாப்பத்தொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு. கொஞ்சம் படி."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "காசு தருவோம் மேடம். ஆனா அப்ப நீங்க கைல இருந்து கட்டற தொகை இன்னொரு மடங்கு ஆகும்."

"அது போதும். மத்த மூணு பேரு அதுகூடத் தரல."

"கடைசிக் கேள்வி. ஆள் இல்லாதப்ப வண்டியப் பூட்டி சாவிய பத்திரமா வச்சுப்பீங்களா?"

"மாட்டேன்."

அந்தப் பக்கம் கணினி விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "மேடம், இங்க அப்படி ஒரு பதில் இல்ல."

"சாவியோட திருடு போனா நீங்க ஒண்ணும் தர வேணாம். அது என் பாடு. ஆனா பூட்டுவேன்னு மட்டும் எழுதாத. பொய் சொல்லி வாங்கற இன்சூரன்ஸ் எனக்கு வேணாம். போன வருஷம் ஒண்ணு வாங்கிப் பட்டாச்சு."

"அப்ப... குறிப்புல போடறேன் மேடம்."

"என்னன்னு?"

"வாடிக்கையாளர் வண்டியைப் பூட்ட மாட்டார்."

"அப்படியே போடு. பெரிய எழுத்துல."

நாலரை மணிக்கு யூட் திரும்பியது. டாரன் மட்டும் இறங்கினான். முகமெல்லாம் செம்மண். ஆம்புலன்ஸை ஐம்பதாவது கிலோமீட்டரில் பிடித்தார்களாம். ஆக்ஸிஜன் வைத்த கால் மணியில் பெர்ல், பல் செட்டை மறந்துவிட்டு வந்ததற்காகக் கீத்தைத் திட்ட ஆரம்பித்தாளாம். நோலீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெர்ல் பிழைத்தாள். பத்து நிமிஷத்தைத் தொலைத்தும் பிழைத்தாள்.

"கீத் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டே வந்தாரும்மா. பூட்டினது நான்தான்னு நாலு தடவ சொன்னேன். நம்பல. உன்ன விட்டுக்குடுக்காம நான் பொய் சொல்றேன்னு நினைச்சிட்டாரு."

டாரன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை.

"கீத் ஊர் திரும்பினதும் மொத வேலையா யூட் கதவத்தான் இழுத்துப் பாப்பான்," என்றாள். "போ."

டாரன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். யூட்டின் கதவு திறந்தது. பிறகு சாம்பல் தட்டின் தகர மூடி மூடிக்கொள்ளும் சத்தம் அடுப்படி வரை கேட்டது.