பீரோ அக்காவின் நாலு மணி

அலுவலகத்தில் அவளுக்குப் பீரோ அக்கா என்று பெயர். அங்கே எது காணாமல் போனாலும் கடைசியில் அவளிடம்தான் இருக்கும். மூன்றே பேர் சேர்ந்து இரண்டு வருடமாகக் கோட்டையை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி புரோகிராம் எழுதுவார், ஓவியர் வரைவார், இவள் படம், சத்தம், எழுத்து அத்தனையையும் அதனதன் ஃபோல்டரில் அடுக்கி வைப்பாள். பட்டப்பெயரில் பாதி கிண்டல், பாதி நன்றி. நன்றியை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுக்குவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஓவியர் நல்ல மனுஷன், கை தங்கம். ஆனால் ஃபைலுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் ‘கதவு கடைசி’ என்று வைப்பார். மறுநாள் ‘கதவு கடைசிக்குக் கடைசி’. அடுத்த வாரம் ‘கதவு சத்தியமா இதுதான்’. இதில் எது நிஜக் கதவு என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். போதாக்குறைக்குத் தன் கம்ப்யூட்டரில் ‘சும்மா’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, தோன்றும்போதெல்லாம் மொத்த விளையாட்டையும் அதில் ஒரு நகல் போட்டுக்கொள்வார். எது பழசு, எது புதுசு என்று பிறகு குழம்புவதும் அவரேதான். அதை அழியுங்கள் என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். போன மாதம்தான் ஒருவழியாக, “அழிச்சுட்டேன் அக்கா” என்றார்.

அன்றைக்கு அவள் நாலு மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். முந்தின நாள்தான் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. நாலரைக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். இரண்டு வருடமாக அவருக்கு எல்லாமே புகைமூட்டம்தான். ஆபரேஷன் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டவள் இவள். விளையாட்டு முடியட்டும், விளையாட்டு முடியட்டும் என்றே தள்ளிப்போட்டாள். “கட்டு அவிழ்க்கும்போது நீ எதிர்ல நில்லும்மா. வேற யார் மூஞ்சியிலயும் நான் முழிக்க மாட்டேன்,” என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியீட்டாளருக்கு விளையாட்டை அனுப்பவேண்டிய கெடுவும் அதே நாள், ஐந்து மணி.

மதியம் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சீராக்க உட்கார்ந்தாள். சுத்தமான நகலுக்கு இடம் வேண்டுமென்று பழைய பேக்கப்பை முதலில் அழித்தாள். பிறகு படங்களை எல்லாம் புது ஃபோல்டர்களுக்கு நகர்த்தினாள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு குட்டி ஃபைல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் அந்தப் படத்தின் எண் இருக்கிறது. விளையாட்டு படத்தைப் பெயரால் தேடாது, அந்த எண்ணால்தான் தேடும். அதனால் எதை நகர்த்தினாலும் விளையாட்டு செய்யும் சாஃப்ட்வேருக்கு உள்ளேயிருந்துதான் நகர்த்த வேண்டும். அப்போதுதான் குட்டி ஃபைலும் கூடவே வரும். ‘வெளியிலிருந்து நகர்த்தினால் கை முறியும்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டியதே அவள்தான். ஆனால் அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு தடவையும் ஆமை மாதிரி நகர்ந்தது, கண் எரிந்தது, மணி இரண்டாகியிருந்தது. வெளியிலிருந்தே இழுத்துப் போட்டாள். மிச்சம் கிடந்த குட்டி ஃபைல்களைக் குப்பையென்று அழித்தும் விட்டாள்.

விளையாட்டைத் திறந்தால் கோட்டை முழுக்க ரோஸ் நிறம். மதில் ரோஸ், யானை ரோஸ், ராஜாவின் மீசைகூட ரோஸ். எதற்கு எது என்று தெரியாமல் போனால் விளையாட்டு தானாகப் பூசிக்கொள்கிற நிறம் அது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “யார் பாத்த வேலை இது?” என்று கேட்டு, பழக்கதோஷத்தில் ஓவியரை முறைத்தார். ஓவியரும் தான்தான் ஏதோ செய்துவிட்டோம் போல என்று தலையைக் குனிந்துகொண்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவர்மேலேயே போயிருக்கும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நான்தான் சார். வெளியில இருந்து நகர்த்திட்டேன்.”

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன சொல்வது? முதலாளி சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பேக்கப்?”

“அழிச்சுட்டேன்.”

“எல்லாத்தையும் திரும்பக் கோக்க?”

“நாலு நாள் ஆகும்.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓவியர் தொண்டையைச் செருமினார்.

“அக்கா, கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லித் தொலைங்க.”

“சும்மாவுல நேத்து சாயங்காலம் வரைக்கும் இருக்கு. அழிச்சுட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நகல் ஏறத் தொடங்கியது. அதன்மேல் இன்று காலை மாற்றிய பதினோரு ஃபைல்களைச் சேர்க்க வேண்டும். மணி மூன்றே முக்கால், நகல் பாதிகூட ஏறவில்லை.

“நீங்க போங்க அக்கா. நான் பாத்துக்கறேன்,” என்றார் ஓவியர்.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது ஒரு தாளை எடுத்துப் பதினொன்றையும் எழுதினாள். கீழே ‘உள்ளேயிருந்து மட்டும்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டாள். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டும் ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தாள்.

“பேர் மட்டும் மாத்திடாதீங்க.”

“மாட்டேன் அக்கா. சத்தியமா.”

அந்தச் சத்தியத்தை எத்தனை கதவுகளில் பார்த்திருக்கிறாள். இருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வரத் தாமதமானது. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் போனில் செய்தி வந்தது: ‘கோட்டைக்குக் கலர் வந்துடுச்சு. அனுப்பிட்டோம்.’ சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு அப்பாவின் எதிரில் போய் நின்றாள். நர்ஸ் பஞ்சை மெல்ல எடுத்தாள்.

அப்பா இரண்டு மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினார். பிறகு அவளையே உற்றுப் பார்த்தார். தெரிகிறதா என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் கையை நீட்டி, அவள் காதோரத்து முடியைத் தொட்டார்.

“எப்பம்மா உனக்கு இவ்ளோ நரைச்சுது?”