ஊதியூர் மலையில் கோமளா

பாதி மலையில் கோமளா ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஆறுமுகசாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"செல்வா, ஊட்டுக்காரம்மாவுக்கு டோலி சொல்லட்டுங்களா?"

பல்லடத்தில் காலை நடைக்குப் போகிறவர்களின் குழு அது. பெரும்பாலும் பனியன் கம்பெனிக்காரர்கள், அவரவர் மனைவிமார். செல்வக்குமாரின் சின்ன யூனிட்டுக்கு வரும் வேலையில் பாதி ஆறுமுகசாமி கொடுப்பது. அவர் கூப்பிட்டதால்தான் இந்த மலையேற்றம். இறங்கியதும் தாராபுரம் ரோட்டில் பார் வைத்த ஹோட்டலில் சாப்பாடு. கோமளா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கர்ப்பப்பை எடுத்த உடம்பு இன்னும் தேறவில்லை. "எல்லாரும் ஜோடியா வர்றாங்க, நான் மட்டும் ஒத்தையா போறதா?" என்று அவன்தான் கிளப்பிக்கொண்டு வந்தான்.

டோலிப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். செல்வக்குமார் இன்னும் சத்தமாகச் சிரித்தான். "டோலி தாங்காதுங்க. கிரேன்தான் சொல்லோணும்."

அது அவளுக்கும் கேட்டது. பாறைமேல் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. நான் மெதுவா வர்றனுங்க."

அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். பின்னாலிருந்து ஒருமுறை "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். மறுபடி எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, காதில் விழாதவன்போல ஏறினான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே தென்னந்தோப்புகள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆறுமுகசாமியின் மனைவி இந்துமதி, "கோமளாக்கா எங்கீங்க?" என்றாள்.

"வழியில கோயில் இருந்துச்சல்லங்க, அங்கயே உக்காந்து சாமி கும்பிடறேன்னுட்டா." பொய் தடங்கலில்லாமல் வந்தது.

தாகத்துக்குப் பையைத் திறந்தான். உள்ளே அவளுடைய தண்ணீர் பாட்டிலும் போனும் கிடந்தன. எதற்குச் சுமக்கிறாய் என்று அடிவாரத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டவன் அவனேதான். தண்ணீர் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கம்பெனியிலிருந்து போன் வந்ததுபோல ஏதோ சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாக இறங்கினான்.

பாறைமேல் யாரும் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டான்.

"மயக்கமா வருதுன்னுச்சுங்க. தண்ணி குடுத்து, நாந்தான் கையப் புடிச்சுக் கீழ கூட்டிப்போய் ஆட்டோ ஏத்தியுட்டேன். ஓட்டலுக்குப் போகுதாமா. தொணைக்கு ஆருமில்லியா அம்மிணின்னு கேட்டேன். தனியாத்தான் வந்தேன்னு சொல்லுச்சு." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமாங்க" என்றான். என்ன சொந்தம் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து, நிற்காமல் இறங்கினான். அடிவாரத்தில் மற்றவர்கள் வந்து சேர்ந்ததும், எல்லோரும் வந்த வேனிலேயே ஹோட்டலுக்குப் போனான்.

ஹோட்டலில் நீள மேசையின் ஓரத்தில் கோமளா உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். செருப்பு நிறைய செம்மண்.

"ஏனுங்கக்கா, சாமி கும்பிட்டுட்டு அப்படியே வந்துட்டீங்களா?" இந்துமதி கேட்டாள். "கோயில்ல இருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாருங்க."

கோமளா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"ஆமா கண்ணு" என்றாள். "நல்ல தரிசனம்."

இலை போட்டார்கள். ஆண்கள் பக்கம் பீர் பாட்டில்கள் திறக்கும் சத்தமும் சிரிப்பும் எழுந்தன. "ஏனுங் செல்வா, நின்னுட்டே இருக்கீங்க? உக்காருங்க" என்றார் ஆறுமுகசாமி.

கோமளாவுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் காலி. அதன்மேல் அவள் துப்பட்டா பரவிக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தானாக எடுக்கக் கையும் வரவில்லை. அவள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் துப்பட்டாவின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது.